முக்கால் கிணறு தாண்டிய கேம்கள்: கேள்வி பதில்

தனியாகவும் இரண்டு மூன்று பேராகவும் கேம் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கிய வேலைகள்.

தனிமரம்: ரெண்டு வருஷமா ஒரு பிளாட்ஃபார்மர் (ஓடித் தாவுற கேம்) செய்றேன். 70 சதவீதம் முடிஞ்சுது. ஆறு மாசமா அதே 70லதான் நிக்குது. ஏன்?

அந்த 70 என்ற கணக்கே தப்பாக இருக்கும். ஓட்டம், தாவல், எதிரி, லெவல் இவற்றை மட்டும் எண்ணியிருப்பீர்கள். எண்ணாமல் விட்டவை: முகப்புத் திரை, பாஸ் (ஆட்டத்தை இடையில் நிறுத்துதல்), ஒலி அளவு, சேவ் (ஆட்டத்தைச் சேமித்தல்), திரை அளவு மாற்றம், கன்ட்ரோலர், விசைகளை மாற்றிக்கொள்ளும் வசதி, கடைசி லெவலுக்குப் பின் வரும் திரை, கிரெடிட்ஸ். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தொடும்.

பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நிற்க வேண்டும், மெனுவின் அசைவு நிற்கக் கூடாது. வசனம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் டைமரும் நிற்க வேண்டும். கன்ட்ரோலர் கழன்றால் தானாக பாஸ் ஆக வேண்டும். டைம் ஸ்கேலை (ஆட்டத்தின் நேர வேகத்தை) 0 ஆக்கினால் போதும் என்று நினைத்துச் செய்தால் மெனு அனிமேஷனும் சேர்ந்து உறைந்துவிடும்.

புது லெவல் வேலையை இப்போதைக்கு நிறுத்துங்கள். முகப்பு, ஒரே ஒரு லெவல், முடிவுத் திரை, கிரெடிட்ஸ், மறுபடி முகப்பு. வெறும் சாம்பல் பெட்டிகளாக இருந்தாலும் சரி, இந்தச் சுற்று இடறாமல் ஒரு முறை ஓடட்டும். மற்ற லெவல்களை அதன் நடுவில் செருகிக்கொண்டே போகலாம்.

கோட்டைக்காரன்: அண்ணா, 40 லெவல், 8 திறன், 3 முடிவுன்னு திட்டம். பெருசுன்னு எல்லாரும் சொல்றாங்க. எதை வெட்டுறது?

வெட்டும் முன் அளந்து பாருங்க தம்பி. ஒரு லெவலைப் படம், ஒலி, பக் (பிழை) திருத்தம் உட்பட வெளியிடும் தரத்துக்கு முடித்து, எத்தனை மணி நேரம் பிடித்தது என்று குறியுங்கள். 25 மணி என்றால் 40 லெவலுக்கு 1,000 மணி. வாரம் 8 மணி உட்கார முடிந்தால் 125 வாரம், கிட்டத்தட்ட இரண்டரை வருடம். லெவலுக்கு மட்டுமே இவ்வளவு.

முதல் வெட்டு திறன்களில் விழட்டும். 8 திறன்கள் இருந்தால் ஒன்றோடொன்று மோதக்கூடிய ஜோடிகள் 28. ஐந்தாகக் குறைத்தால் 10தான். சுவரில் ஒட்டும்போது பறக்கும் திறனை அழுத்தினால் என்ன ஆகும் என்பது போன்ற பக்குகள் எல்லாம் இந்த ஜோடிகளில்தான் பிறக்கும். லெவல்களைக் குறைத்தால் குறைத்த அளவுக்குத்தான் வேலை மிச்சம். திறன்களைக் குறைத்தால் அதைவிட வேகமாகக் குறையும்.

மூன்று முடிவுகளும் கடைசி லெவலில் பிரிந்தால் இருக்கட்டும். நடுவிலேயே பிரிந்தால் மூன்று கேம் செய்கிறீர்கள் என்று பொருள்.

சின்னதாகச் செய்தால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். செலஸ்ட் என்ற பிளாட்ஃபார்மரின் முதல் வடிவம் நான்கே நாளில் பிக்கோ-8 என்ற குட்டி கேம் கருவியில் செய்தது. அதில் திரையே 128×128 பிக்சல், 16 நிறம்தான். முழு கேம் 2018இல் வந்தது.

பாதிவழி: ஒரு வருஷம் யூனிட்டியில செஞ்சாச்சு. கோடோவுக்கு மாறலாமா?

யூனிட்டி, கோடோ இரண்டும் கேம் உருவாக்கும் மென்பொருள்கள், அதாவது எஞ்சின்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் மாற வேண்டாம். படங்கள், ஒலி, வசனக் கோப்புகள் கூடவே வரும். கோடு (நிரல்), சீன் அமைப்பு, அனிமேஷன் இணைப்புகள், மோதல் எல்லைகள் எதுவும் வராது. தாவலின் கைப்பக்குவம்கூட மாறிவிடும். இயற்பியல் கணக்கு யூனிட்டியில் இயல்பாக நொடிக்கு 50 முறை, கோடோவில் 60 முறை ஓடுகிறது. 1997இல் அறிவித்த டியூக் நியூக்கெம் ஃபாரெவர் என்ற கேம் அடுத்த வருடமே எஞ்சின் மாற்றியது, வெளிவந்தது 2011இல். தாமதத்துக்கு அது மட்டும் காரணமில்லை, ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கையிலிருப்பதை முடித்துவிட்டு அடுத்த கேமுக்கு மாறுங்கள்.

கறுப்புத்திரை: கோடோ எடிட்டர்ல அருமையா ஓடுது. எக்ஸ்போர்ட் பண்ணி ஆண்ட்ராய்டுல போட்டா சில படங்கள் வரல, சேவும் ஆகல.

சேவ் ஆகாததற்குக் காரணம் எளிது. ப்ராஜெக்ட் கோப்புறையைக் குறிக்கும் ரெஸ் பாதையில் (res://) எழுதுகிறீர்கள். எக்ஸ்போர்ட் (எடிட்டர் இல்லாமல் தனியாக ஓடும் கேமாக வெளியே எடுப்பது) ஆனபின் அதைப் படிக்க மட்டும்தான் முடியும். யூசர் பாதைக்கு (user://) மாற்றுங்கள்.

படம் வராததற்குப் பெரும்பாலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பிரச்சினைதான். கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டு கோடில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, எக்ஸ்போர்ட் ஆன கேம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கும். கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். இன்னொன்று: கோப்புறையைத் துழாவிப் படங்களின் பட்டியலைக் கோடே எடுக்கும்படி எழுதியிருந்தால், எக்ஸ்போர்ட்டில் மூலப் படக் கோப்புகள் அங்கே இருக்காது, இம்போர்ட் ஆன வடிவம்தான் இருக்கும். பட்டியலை நீங்களே எழுதி வைப்பது நல்லது.

இதெல்லாம் முதல் வாரமே தெரிந்திருக்க வேண்டியவை. வாரம் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து, எடிட்டர் இல்லாத வேறு கருவியில் ஓட்டிப் பாருங்கள். தவறு வந்தால் அந்த ஒரு வார மாற்றங்களுக்குள் தேடினால் போதும்.

ரொட்டிவாள்: புதுப் பொருள் ஒண்ணு சேர்த்தேன். பழைய சேவைத் திறந்தா வாள் இருந்த இடத்துல ரொட்டி இருக்கு!

பொருளைப் பட்டியலில் அது இருக்கும் இடத்தின் எண்ணாகச் சேமித்திருக்கிறீர்கள். நடுவில் ஒன்றைச் செருகியதும் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிட்டன. ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஒரு பெயர்க்குறி கொடுத்து அதைச் சேமியுங்கள். சேவின் முதல் வரியில் பதிப்பு எண் இருக்கட்டும். 1லிருந்து 2க்கு, 2லிருந்து 3க்கு என்று படிப்படியாக மாற்றும் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் எழுதுங்கள். நேரடியாக 1லிருந்து 5க்குத் தாவ எழுதாதீர்கள். எழுதும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்தபின் பெயரை மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பழைய சேவ் பிழைக்கும்.

கொம்புக்கால்: தமிழ் வசனம் வச்சேன். "கொடி"ன்னு எழுதினா கொம்பும் காலும் தனித்தனியா சிதறுது. ஃபான்ட் தப்பா?

ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். யூனிகோடில் மெய்யின் எண் முதலில், உயிர்க்குறியின் எண் பிறகு. திரையிலோ ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இப்படி மாற்றி அடுக்கும் வேலைக்கு ஷேப்பிங் என்று பெயர். யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இதை நமக்குச் செய்து தருவதில்லை. கோடோ 3உம் அப்படியே. கோடோ 4 செய்கிறது.

ஆனால் அங்கும் ஒரு கண்ணி உண்டு. வசனத்தை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு போலக் காட்டினால் "கி" வருவதற்கு முன் "க" எட்டிப் பார்க்கும். லேபிளில் எழுத்துகள் தெரியும் முறையை "ஷேப்பிங்குக்குப் பின்" என்ற தேர்வுக்கு மாற்றுங்கள். பொத்தான்களில் ஆங்கிலச் சொல்லைவிட ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். 8 பிக்சல் உயரத்தில் தமிழ் எழுதும் ஆசை வேண்டாம், "ஞ" வெறும் கறை போலத் தெரியும்.

வாழ்த்துமழை: நண்பர்கள்ட்ட கொடுத்தா எல்லாரும் "சூப்பர்"னு மட்டும் சொல்றாங்க.

கருத்துக் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விளக்கம் கூடாது, "அந்தக் கதவைத் தொடு" என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. எங்கே நின்றார், எந்த விசையைத் தவறாக அழுத்தினார், எத்தனை முறை செத்தார், எந்த நிமிடத்தில் கைபேசியை எடுத்தார் என்று நேரத்தோடு குறியுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தில் திணறினால் தப்பு உங்கள் லெவலில். ஒருவர் முதல் முறை ஆடுவது ஒரே தடவைதான். ஐந்து பேரையும் ஒரே பில்டில் (எக்ஸ்போர்ட் செய்த ஒரே பதிப்பில்) செலவழித்துவிடாதீர்கள்.

நாள்குறி: எல்லாம் தயார். அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டீம்லயும் ப்ளே ஸ்டோர்லயும் விடலாமா?

முடியாது. கணினி கேம் கடையான ஸ்டீமில் பதிவுக் கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும், "விரைவில்" பக்கம் குறைந்தது 2 வாரம் வெளியில் இருக்க வேண்டும். பக்கத்துக்கும் பில்டுக்கும் தனித்தனிப் பரிசீலனை வேறு. கூகுள் ப்ளேயில் 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆடிப் பார்ப்பது) 12 பேர் தொடர்ந்து 14 நாள் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஆள் விலகினால் தடுமாறுவீர்கள், 20 பேரையாவது சேர்த்து வையுங்கள்.

கடைசிபக்: பட்டியல்ல இன்னும் 63 பக் இருக்கு. எல்லாத்தையும் திருத்தினாத்தான் விடணுமா?

மூன்று வகையை மட்டும் திருத்துங்கள்: கேமை மூடிவிடுபவை, மேலே போகவிடாமல் அடைப்பவை, சேவைக் கெடுப்பவை. 63இல் அவை எத்தனை என்று இன்றே பிரித்துப் பாருங்கள். மற்றவை முதல் அப்டேட்டுக்கு. கடைசி இரண்டு வாரம் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முகப்பிலிருந்து கிரெடிட்ஸ் வரை எக்ஸ்போர்ட் செய்த பில்டில் ஒரு முறை ஆடிப் பாருங்கள். ஒரு ஓட்டைக்கு மண் போட்டு இன்னொன்றைத் தோண்டுவது இந்த நாட்களில்தான் அதிகம்.