பதினோரு மணிக்கு போனை எடுத்தவள்

கேள்வி: "ஐந்து மாதமாகச் சிங்கப்பூரில் வேலை இல்லாமல் இருக்கிறேன். நாற்பதுக்கு மேல் விண்ணப்பித்தும் எல்லாம் நிராகரிப்பு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சமாளிப்பது?"

கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் கடந்து போயிருப்பேன். 'அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை' என்று எழுதிவிட்டீர்கள், அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன், வயது கூடுதல் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதமாக இங்கேயே இருக்கிறீர்கள் என்றால் குடியுரிமையோ பிஆரோ (நிரந்தரவாசம்) இருக்க வேண்டும். வேலை பாஸில் வந்தவருக்கு பாஸ் ரத்தானால் வழக்கமாக முப்பது நாள்தான், அதற்குள் வேறு வேலை இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தக் கொடுமையோடு என் கதையை ஒப்பிட மாட்டேன். சொந்த வீடு, வேலைக்குப் போகிற கணவர், இரண்டும் எனக்கு இருந்தன. "உனக்கென்ன கஷ்டம்" என்று கீழே எழுத வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நான் சாங்கி விமான நிலையத்தில் இரண்டாம் முனையத்தில் செக்-இன் கவுண்டர் வேலை பார்த்தவள். பத்தொன்பது வருடம். கடைசி ஆறு வருடம் சூப்பர்வைசர். 2020 மே 1ஆம் தேதி அந்த முனையத்தையே மூடினார்கள். விளக்கை அணைத்து, கவுண்டர்களுக்கு பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடியதைப் படத்தில்தான் பார்த்தேன். 2019இல் 68.3 மில்லியன் பேர் வந்துபோன இடம் சாங்கி. 2020இல் 11.8 மில்லியன், அதிலும் பெரும்பகுதி வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தவர்கள். என்னைப் போன்றவர்கள் யாருக்கு போர்டிங் பாஸ் அடித்துக் கொடுப்பது? முதலில் ஷிப்டைக் குறைத்தார்கள், பிறகு சம்பளமில்லா விடுப்பு. ஆகஸ்ட் கடைசியில் ஒரு போன் வந்தது. எட்டு நிமிடம். பேசிய பெண்ணுக்குக் குரல் நடுங்கியது, நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி வைத்தேன்.

விமானத் துறைக்கு அரசாங்கம் சம்பள மானியம் கொடுத்ததே, பிறகு ஏன் ஆட்குறைப்பு என்று கேட்பீர்கள். கொடுத்தது உண்மை, பெரிய மானியம்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் ஏப்ரலிலேயே என்னை அனுப்பியிருப்பார்கள். ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வருடத்துக்கு இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம் என்றார்கள். எனக்கு வந்தது அதைவிடக் குறைவு. போகட்டும்.

வேலை போனதை நான் உணர்ந்தது அந்தப் போனில் இல்லை. அக்டோபரில் ஒரு ராத்திரி சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளக் கணக்கால் நுழைந்து மசேநி, அதாவது மத்திய சேம நிதிக் கணக்கைத் திறந்தேன். மாதாமாதம் முதலாளி பங்கும் என் பங்கும் சேர்ந்து ஒரு வரி வருமே, ஆகஸ்ட் சம்பளத்துக்குப் பிறகு அது இல்லை. பூஜ்ஜியம் என்றுகூடப் போடவில்லை, வரியே கிடையாது. வீட்டுக் கடனுக்குக் கழிக்கிற வரி மட்டும் தேதி தவறாமல் வந்திருந்தது. அதை எத்தனை தரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

நிராகரிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். என் கணக்கு என்னிடம் இருக்கிறது, மகளின் பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். மொத்தம் 63 விண்ணப்பம். 5 இண்டர்வியூ. 17 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' மின்னஞ்சல். மீதி 41 பேர் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த 17இல் ஒன்று ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 2.13க்கு வந்தது. எந்த மனிதரும் அந்த நேரத்தில் உட்கார்ந்து என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது, இயந்திரம்தான் சொல்லியிருக்கிறது.

நானும் பத்தொன்பது வருடம் ஆட்களை மறுத்தவள்தான். ஒரு நிமிடம் தாமதமாக மூச்சிரைக்க ஓடி வருகிறவரிடம் "மன்னிச்சிக்கோங்க, கவுண்டர் மூடியாச்சு" என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவின் சாவுக்குப் போகிறேன் என்று அழுதவரிடமும் சொல்லியிருக்கிறேன், அது இன்னும் கனவில் வருகிறது. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னோம். திட்டினால் வாங்கிக்கொண்டோம். அடுத்த விமானம் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொன்னோம். அந்த 41 பேர் மீது இன்றைக்கும் எனக்குக் கோபம் உண்டு.

ஐந்து இண்டர்வியூவில் ஒன்றைச் சொல்கிறேன். ஊபி பக்கம் ஒரு சின்ன சரக்கு நிறுவனம், மொத்தமே பதினொரு பேர். ஜூமில் பேசினார்கள். இருபது நிமிடம் எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில், "மாண்டரின் பேசுவீங்களா?" விளம்பரத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. 'ஹுஜாவ்' என்றால் பாஸ்போர்ட், 'சிங்லி' என்றால் பெட்டி, இவ்வளவு தெரியும், இதை வைத்துக்கொண்டே சீனப் பயணிகளை வருடக்கணக்காக ஏற்றி அனுப்பியிருக்கிறேன் என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேமராவை அணைத்த பிறகு மேசையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

இனவாதம் என்று நான் சொல்லவில்லை, அவசரப்பட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த நிறுவனத்தின் டிரைவர்களுக்கு மாண்டரின் மட்டும்தான் தெரியும் என்றால் கேட்பது நியாயம். காரணத்தை விளம்பரத்திலேயே போட்டிருந்தால் நான் சேலை மாற்றி உட்கார்ந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயது, இனம், மொழி, பிள்ளை பராமரிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் இருபத்தைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. பதினொரு பேர் என்று சொன்னேன் அல்லவா.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். எனக்கு வேலை போனது தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். "பரவாயில்ல, அவர் சம்பாதிக்கிறார்ல. நீ பிள்ளைங்களப் பாத்துக்க." அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த உட்லண்ட்ஸ் வீட்டுக் கடனில் பாதி என் மசேநியிலிருந்து போகிறது. 2009இல் புதுமனை புகுவிழா அழைப்பிதழ் அடித்தபோது அவர் பெயர், மாமனார் பெயர், ஊரில் இருக்கிற பெரியப்பா பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. அப்போது எனக்கும் உறைக்கவில்லை. பதினொரு வருடம் கழித்து, வேலை போன பிறகு, அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அந்த அட்டை கையில் கிடைத்தது. அன்றைக்கு மதியம் நான் சமைக்கவில்லை.

சரி, அம்மா விஷயம்.

அம்மா ஈசூனில் தனியாக இருந்தார். அப்பா போய் வெகுநாளாகிறது. மாதம் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நான் கொடுப்பேன். வேலை போனதைச் சொல்லவில்லை, ரத்த அழுத்தக்காரர், கொவிட் பயம் வேறு. ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தாளிக்கு மேல் கூடாது என்றிருந்த காலம், அடிக்கடி நேரில் பார்க்காததால் மறைப்பது சுலபமாகத்தான் இருந்தது. போனில் 'ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் வந்தேன்' என்பேன். பொய்யை நன்றாகவே சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் 200 வெள்ளியை நீட்டினேன். அக்டோபருக்காக இரண்டு வளையலை அடகுக் கடையில் வைத்து 2,000 வெள்ளி வாங்கினேன். மாதம் ஒன்றரை விழுக்காடு வட்டி, சட்டப்படி அதற்கு மேல் வாங்க முடியாது, மீட்க ஆறு மாதம். அந்தச் சீட்டை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். வளையலைக் கழற்றும்போது வரவில்லை, கடைக்காரரே சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பாரோ, கிண்ணம் மேசைக்கு அடியிலேயே தயாராக இருந்தது.

இரண்டு மாதமும் அம்மா காசை வாங்கவில்லை. "இப்ப எனக்கு என்ன செலவு, கோயிலுக்குக்கூடப் போறதில்ல, உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். எனக்கு நிம்மதி. ஏன் வேண்டாம் என்கிறார் என்று யோசிக்கவில்லை பாருங்கள், அதுதான் வெட்கம்.

நவம்பர் 14, தீபாவளி. கவரிங் வளையல் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஈசூன் போனோம். அம்மா கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்ட பிறகு சமையலறையில் முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, பேச்சுவாக்கில்தான் சொன்னார்.

"ஆகஸ்ட் கடைசியிலேயே எனக்குத் தெரியும்."

"யார் சொன்னா? தம்பியா?"

"யாரும் சொல்லல. பத்தொம்பது வருஷமா காலைல பதினோரு மணிக்கு போன் அடிச்சா நீ எடுத்ததே இல்ல. லாக்கர்ல இருக்கும், மத்தியானம் திருப்பி அடிப்ப. அன்னிக்கு அடிச்சேன், மொத ரிங்குலயே எடுத்த. மறுநாளும் எடுத்த. வேலைல இருக்கிறவ எப்படிடி எடுப்பா?"

முறுக்குப் பொட்டலத்துக்குள் ஒரு உறை இருந்தது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். முன்பெல்லாம் நான் கொடுத்து, அவர் செலவழிக்காமல் வைத்திருந்த காசு. வளையலை அந்த ஆறு மாதக் கெடு முடிவதற்கு முன்னாலேயே மீட்டுவிட்டேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, உங்கள் அம்மாவுக்கு அநேகமாகத் தெரிந்திருக்கும். ஊரில் இருக்கிறாரா இங்கே இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை, எங்கிருந்தாலும் போன் ஒன்றுதானே. எல்லா அம்மாவும் என் அம்மா போல இருக்க மாட்டார்கள், சிலர் ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவார்கள், அதுவும் தெரியும். உங்கள் அம்மா எந்த வகை என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஐந்து மாதம் ஒருவரிடம் நடித்துக்கொண்டு, அதே வாயால் இண்டர்வியூவில் தைரியமாகப் பேச முடியாது. தீபாவளிக்குப் பிறகு போன இரண்டு இண்டர்வியூவிலும் எனக்குக் குரல் திரும்பி வந்திருந்தது. வேலை அப்போதும் கிடைக்கவில்லை, அது வேறு.

பண விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். 2020இல் எங்களுக்கு கொவிட்-19 ஆதரவு மானியம் என்று மாதம் 800 வெள்ளி வரை மூன்று மாதம் கிடைத்தது. சமூகச் சேவை அலுவலகத்து விண்ணப்பத்தைக் கூச்சத்தில் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன், முட்டாள்தனம். இப்போது 2025 ஏப்ரலிலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் அதிகபட்சம் 1,500, பிறகு 1,250, 1,000, கடைசி மூன்று மாதம் 750. சராசரிச் சம்பளம் 5,000க்கு மேல் போயிருக்கக் கூடாது, நீங்களாக விலகியிருக்கக் கூடாது, மாதாமாதம் விண்ணப்பம், பயிற்சி என்று காட்டிப் புள்ளி சேர்க்க வேண்டும். குடிமக்களுக்குத்தான் முதலில் தொடங்கினார்கள், பிஆர் என்றால் நிபந்தனையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமே எழுதித் தருகிறேன் என்று 180 வெள்ளி கேட்கிறவர்களிடம் போகாதீர்கள், நான் போனேன். இ2ஐ என்ற வேலைவாய்ப்பு உதவி நிலையத்தில் இலவசமாகவே உட்கார்ந்து பார்த்துத் தருகிறார்கள்.

எனக்குக் கடைசியில் கிடைத்தது விண்ணப்பித்த வேலை எதுவும் இல்லை. 2021இல் சமூக மன்றங்களில் தடுப்பூசி நிலையங்கள் திறந்தபோது பதிவு மேசைக்கு ஆள் எடுத்தார்கள். தற்காலிக வேலை, பழைய சம்பளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, ஊசி போட்டவர் சட்டையில் நேரம் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டுவது, அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனிப்பது. பாட்டி ஒருவர், "இது போட்டா சக்கரைக்கு ஆவுமா" என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தார், சுற்றி இருந்த யாருக்கும் புரியவில்லை. நான் போய் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னேன். ஊசி போடும்போது என் கையைத்தான் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்துவிட்டது.

அங்கிருந்து தெரிந்தவர் மூலமாக ஒரு கிளினிக்கில் முன்மேசை வேலை. இன்றுவரை அங்கேதான். 2022இல் இரண்டாம் முனையம் மறுபடி திறக்கத் தொடங்கியபோது பழைய இடத்திலிருந்து ஆள் போதவில்லை என்று மின்னஞ்சல் வந்தது, சூப்பர்வைசருக்குக் கீழ்நிலையில். நான் பதிலே போடவில்லை. பெருந்தன்மை இல்லை என்பீர்கள். ஆமாம், இல்லை.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். இன்றைக்கும் சில நாள் காலை பதினோரு மணிக்கு போன் அடிப்பார், கேட்டால் ஒரு விஷயமும் இருக்காது. நான் எடுப்பதில்லை. மத்தியானம் திருப்பி அடித்து என்னம்மா என்றால், "ஒண்ணுமில்ல, சும்மா பாத்தேன்" என்று வைத்துவிடுவார்.