ஓய்வூதியம்: யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி எனக்கு ஓய்வூதியமாக வருகிறது. என் மகனுக்கோ, மாதந்தோறும் பிடித்தம் செய்த பணமும் அதன் வருவாயும் மட்டும்தான் என்கிறார்கள். இதைச் சீர்திருத்தம் என்று சொல்வது சரியா?

பதில்: தங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது முன்பே உறுதி செய்யப்பட்டிருந்தது, தங்கள் மகனுக்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்பது மட்டுமே உறுதி. ஒருவர் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் வாழ்ந்தாலோ, ஓய்வுபெறும் ஆண்டில் பங்குச்சந்தை சரிந்தாலோ, விலைவாசி தாறுமாறாக ஏறினாலோ, அந்தச் சுமையை முன்பு அரசோ நிறுவனமோ ஏற்றது. இனி அதைத் தனி மனிதரே ஏற்க வேண்டும். செலவு எங்கும் மறைந்துவிடவில்லை, கைமாறியிருக்கிறது.

அரசுகள் இவ்வழியில் சென்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பல நாடுகளில் இன்று உழைப்பவர் செலுத்தும் சந்தாவே இன்றைய முதியவருக்கு ஓய்வூதியமாகப் போகிறது. உழைப்பவர் நால்வருக்கு ஓய்வூதியர் ஒருவர் என்றிருந்தால், ஆளுக்குச் சம்பளத்தில் 10 சதவீதம் கொடுக்க, சராசரிச் சம்பளத்தில் 40 சதவீதம் ஓய்வூதியமாகக் கிடைக்கும். இருவருக்கு ஒருவர் என்றாகிவிட்டால், சந்தாவை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது ஓய்வூதியத்தைப் பாதியாக்க வேண்டும், அல்லது ஓய்வு வயதைத் தள்ளிப்போட வேண்டும், அதுவும் இல்லையென்றால் பொது வரிப்பணத்தில் கைவைக்க வேண்டும்.

ஆனாலும், சுமை முழுவதையும் ஒருவர் தலையில் இறக்கிவைப்பதைச் சீர்திருத்தம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சுவீடனில் ஓய்வூதியத்துக்காகச் சம்பளத்தில் ஒதுக்கும் 18.5 சதவீதத்தில், 2.5 சதவீதம் மட்டுமே சந்தையில் முதலீடாகிறது. மீதி 16 சதவீதம் அவரவர் கணக்கில் எழுதப்பட்டாலும், அந்தப் பணம் இன்றைய ஓய்வூதியர்களுக்கே செல்கிறது. வரவும் கொடுக்க வேண்டிய தொகையும் சமநிலை தவறினால் ஓய்வூதிய உயர்வு தானாகவே மட்டுப்படும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நிதி நெருக்கடிக்குப் பின் 2010-இல் அப்படியே தொகை குறைந்தது. அரசு வரிச்சலுகை தந்து ஓரளவு ஈடுகட்டியது. முதியவர்களுக்கு அது கசந்திருக்கும் என்றாலும், அந்த விதி நெருக்கடிக்கு முன்பே எழுதப்பட்டிருந்ததால், திடீரென்று வந்த ஆணையைப் போல அது நம்பிக்கையைக் குலைக்கவில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் தனியார் நிறுவனங்களிடம் விட்டால் நல்ல வருவாய் கிடைக்கும் அல்லவா?

பதில்: இதை முழு அளவில் செய்து பார்த்த நாடு சிலி. 1981-இல், இராணுவ ஆட்சியின்போது, புதிதாக வேலைக்கு வரும் தொழிலாளர் ஒவ்வொருவரும் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தனியார் நிறுவனம் நிர்வகிக்கும் சொந்தக் கணக்கில் போட வேண்டும் என்று விதித்தார்கள். வேலை தருபவரின் பங்கு நீக்கப்பட்டது. இத்தனை நல்ல திட்டத்தில் இராணுவத்தையும் காவல்துறையையும் மட்டும் சேர்க்காமல் விட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

முதலீட்டில் வருவாய் வரவில்லை என்று சொல்ல முடியாது. நாட்டின் மூலதனச் சந்தையும் வளர்ந்தது. ஆனால் தொடர்ச்சியாக இல்லாமல் அவ்வப்போது மட்டும் வேலை கிடைத்தவர்கள், ஒப்பந்தமின்றி உழைத்தவர்கள், பிள்ளை வளர்ப்பதற்காக இடையில் நின்ற பெண்கள் ஆகியோரின் கணக்குகளில் சந்தா விழாத மாதங்கள் ஏராளம். சேராத பணத்துக்கு எந்தச் சந்தையும் வருவாய் தராது. இதற்கிடையே, பழைய முறையில் ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை, அதற்கு வந்துகொண்டிருந்த சந்தா பெருமளவு நின்றுபோன நிலையில், அரசு பல ஆண்டுகள் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே கொடுக்க நேர்ந்தது. 2008-இல் ஏழை முதியவர்களுக்கு அரசு ஓய்வூதியம் வந்தது. 2022-இல் அது மிகப் பெரும்பாலான முதியவர்களுக்கு விரிந்தது. வேலை தருபவரின் பங்கைப் படிப்படியாக மீண்டும் சேர்க்க 2025-இல் சட்டம் இயற்றினார்கள். கழற்றி எறிந்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயிருக்கின்றன.

கட்டணத்தையும் மறக்கக்கூடாது. நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றும். நாற்பது ஆண்டுகள் ஒரே அளவில் சேமிப்பவருக்கு 5 சதவீதத்துக்குப் பதிலாக 4 சதவீத வருவாய் கிடைத்தால், முடிவில் கையில் சேரும் தொகை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

கேள்வி: ஓய்வு வயதை உயர்த்திக்கொண்டே போவது நியாயமா?

பதில்: 1889-இல் ஜெர்மனியில் அன்றைய அரசுத் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டத்தில் முதியோர் ஓய்வூதியத்துக்கான வயது 70. (65 என்பதை அவர்தான் வைத்தார் என்று பலரும் எழுதுகிறார்கள், அது 1916-இல் வந்த மாற்றம்.) டென்மார்க் இப்போது, 1970-க்குப் பின் பிறந்தவர்களுக்கு மீண்டும் 70 என்று சட்டம் செய்திருக்கிறது. ஆயுள் கூடும்போது ஓய்வு வயதும் ஓரளவு கூடுவதில் தவறில்லை. ஆனால் மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கும், சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்குபவருக்கும் ஒரே வயது என்பது காகிதத்தில் மட்டுமே சமத்துவம். பின்னவர் இளம் வயதிலேயே வேலைக்கு வந்து, முன்னதாகவே உடல் தளர்ந்து, பெரும்பாலும் குறைந்த காலமே ஓய்வூதியம் பெறுகிறார். எனவே வயதோடு, உழைத்த ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேள்வி: திருமணத்துக்குப் பின் வேலையை விட்டு மாமனார், மாமியார், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். என் போன்றோருக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லையா?

பதில்: அம்மா, சந்தாவை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட திட்டத்தில் இடமில்லை; அதுவே அத்தகைய திட்டங்களின் பெருங்குறை. நியூசிலாந்தில் 65 வயதானவர், குறிப்பிட்ட ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருந்தால் போதும். சம்பளம் வாங்கினாரா, சொத்து இருக்கிறதா என்று கேட்காமல் அடிப்படை ஓய்வூதியம் தருகிறார்கள். ஜெர்மனியில், 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று ஆண்டுகள், வளர்த்தவர் சராசரி ஊதியத்தில் வேலை செய்ததைப் போலவே கணக்கில் சேர்கின்றன. அனைவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை, அதன்மேல் சந்தாவுக்கு ஏற்ற தொகை என்ற அமைப்பையே நான் ஆதரிக்கிறேன்.

கேள்வி: ஓய்வு பெறும்போது முழுவதையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அதிக வட்டிக் கடன் இருந்தால் அதை அடைக்கும் அளவுக்கு வாங்குங்கள், மீதியை வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வரும் தொகையாக மாற்றிக்கொள்வதே நல்லது. விலைவாசிக்கேற்ப உயரும் தெரிவு இருந்தால், தொடக்கத்தில் தொகை குறைவாக இருந்தாலும் அதையே கேளுங்கள். பணவீக்கம் 6 சதவீதமாக இருந்தால், உயராத ஓய்வூதியத்தின் மதிப்பு 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும். தங்களுக்குப் பின் துணைவருக்கு எவ்வளவு தொடரும் என்ற விவரத்தையும் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் பெறுங்கள். பல திட்டங்களில் பிறகு அதை மாற்ற முடியாது.