மைக்ரோபிராசசரை எடுத்துவிட்டு ஏஐ வைத்துவிட்டார்களே, எங்களுக்கு அடிப்படை இல்லையா?

கேட்டிருந்த கேள்வி: "கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்கில் மைக்ரோபிராசசரை எடுத்துவிட்டு டேட்டா சயின்ஸ், ஏஐ எல்லாம் வைத்துவிட்டார்கள். சீனியர்கள் உங்கள் பேட்ச்சுக்கு அடிப்படையே கிடையாது என்கிறார்கள். உண்மையா?"

தம்பி, நீங்கள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த வருஷம் வந்த பாடத்திட்டத்தில், படிக்கிறீர்கள், மூன்றாவது அல்லது நான்காவது செமஸ்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கும்பகோணம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வாத்தியார். 2008, 2013, 2017, 2021 என்று நாலு ரெகுலேஷனையும் வகுப்பில் நின்று நடத்தியவன். மைக்ரோபிராசசர் லேப் என் பொறுப்பில்தான் இருந்தது. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

அடிப்படையே கிடையாது என்பது அபாண்டம். 2017 ரெகுலேஷனில் மூன்றாவது செமஸ்டரில் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங் என்று ஒரு பேப்பர் இருந்தது. நம் துறைப் பிள்ளைகள் அதை எதற்குப் படிக்கிறோம் என்றே தெரியாமல் அரியர் வைத்தார்கள். அதை எடுத்தது சரி. முதல் செமஸ்டரிலேயே பைத்தான் என்று 2017-ல் கொண்டுவந்ததும் சரி, தமிழ் மீடியத்திலிருந்து வந்து அப்போதுதான் கீபோர்டைத் தொடும் பிள்ளைக்கு முதல் நாளே திரையில் ஏதோ ஒன்று வரும். தமிழரும் தொழில்நுட்பமும் பாடத்தைக்கூடச் சிலர் கேலி செய்கிறார்கள். அதில் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் சோழர் காலத்துக் குமிழித் தூம்பு வருகிறது. ஏரியும் மதகும் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் வாய் திறந்து பதில் சொல்லும் வகுப்பு அது.

இழந்தது வேறு. முன்பு டிஜிட்டல் தனிப் பேப்பர், கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் தனிப் பேப்பர், அதற்கு மேல் ஐந்தாவது செமஸ்டரில் மைக்ரோபிராசசர் பேப்பர், 8086, 8051 என்ற இரண்டு சிப்பும் லேபோடு. 2021 ரெகுலேஷனில் முதல் இரண்டையும் ஒட்டி ஒரே பேப்பர். 8086 போயே போய்விட்டது. 8051 இருக்கிறதே சார் என்று யாராவது வருவீர்கள், தெரியும், ஆறாவது செமஸ்டரில் எம்பெடட் சிஸ்டம்ஸ் அண்டு ஐஓடியில் ஒரு யூனிட்டாக இருக்கிறது. ஏஐயும் மெஷின் லேர்னிங்கும் சேர்ந்து ஐந்து யூனிட்டில் ஒரே பேப்பர், அதில் நியூரல் நெட்வொர்க் கடைசி யூனிட். பரீட்சை நெருங்கும்போது கடைசி யூனிட் என்ன வேகத்தில் ஓடும் என்று உங்களுக்கே தெரியும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சில், ஏஐசிடிஇ, 2018-ல் மாதிரிப் பாடத்திட்டம் கொடுத்து மொத்தம் 160 கிரெடிட் என்றது. புதுசு உள்ளே வர வேண்டும், மொத்தமும் குறைய வேண்டும் என்றால் எதையாவது ஒட்டத்தான் வேண்டும், நறுக்கத்தான் வேண்டும். அது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்த லேபில் என்ன நடந்தது என்று சொன்னால்தான் எது போனது என்று விளங்கும். 8086 கிட் என்பது ஒரு போர்டு, ஹெக்ஸ் கீபேட் (0 முதல் 9, அப்புறம் ஏ முதல் எஃப் வரை பதினாறு இலக்கம்), சின்ன டிஸ்ப்ளே. அவ்வளவுதான். 12எஃப்0-வையும் 0020-யையும் கூட்டச் சொல்வேன். விடை 1310. பி8 என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் அது சிப்புக்குள் ஏஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் ஏறும். எல்லோரும் பி8, 12, எஃப்0 என்று எழுதிய வரிசையிலேயே அடிப்பார்கள். அடுத்த எண்ணுக்கும் பிபி, 00, 20. ஓடவிட்டு, 13, 10 என்று வரும் என நினைத்து மெமரியைத் திறந்தால் 12, 10 என்று நிற்கும். திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், அரசுப் பள்ளி, வகுப்பில் பேசவே பேசாது. அது எழுந்து "சார், அந்த ஒண்ணு எங்க சார் போச்சு?" என்று கேட்டது. சின்ன பைட் முதலில், பெரிய பைட் அப்புறம் என்று இந்த சிப் எடுத்துக்கொள்ளும், நீ மாற்றிக் கொடுத்ததால் அந்த ஒன்று பக்கத்துப் பைட்டுக்குப் போகாமல் வெளியே, கூட்டலில் மிஞ்சியதைக் குறித்து வைக்கும் கேரி ஃபிளாகுக்குப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. ஃபிளாக் ரெஜிஸ்டரைத் திறந்து பார் என்று மட்டும் சொன்னேன். அதுவே கண்டுபிடித்தது. வேண்டுமென்றேதான் அந்த எண்களைக் கொடுப்பேன். 1234-ஓடு 1111-ஐக் கூட்டச் சொன்னால், தலைகீழாகக் கொடுத்தாலும் மெமரியில் சரியான விடை போலவே தெரியும், தப்பு மறைந்துவிடும்.

1978-ல் வந்த சிப்பை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: எந்த ஐடி கம்பெனி இன்டர்வியூவிலும் 8086 கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும். புதுசு படிக்கச் சோம்பலும் இல்லை, ஏஐ பேப்பரை நான்தான் நடத்துகிறேன். நான் சொல்வது அந்தச் சிப்பைப் பற்றி இல்லை. எழுதிய புரோகிராம் எங்கே போய் உட்காருகிறது என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்த ஒரே மணிநேரம் அது.

அப்புறம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு நேராகச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். பாடம் மாறினால் வாத்தியார் தயாராக வேண்டிய காலம் ஏப்ரல், மே. அந்த இரண்டு மாதமும் நாங்கள் எங்கே இருக்கிறோம் தெரியுமா? நீடாமங்கலம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று ஊர் ஊராக, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுத் திண்ணையில் நோட்டீஸோடு உட்கார்ந்திருக்கிறோம். ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கு, குறைந்தால் சம்பளம் நிற்கும். எம்.இ. முடித்தவன் வெயிலில் ஆள் பிடிக்கப் போனால் ஏஐ பேப்பரில் வரும் பேஸ் தியரத்தை எப்போது படிப்பான்? இந்த வேலையில் பத்து வருஷம் தாண்டியவன் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வாய்க்காலைத் தூர் வாராமல் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்துவிட்டு, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று விவசாயியைக் குறை சொல்வது போல இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு பொறியியலுக்கு வந்ததும் அதே 2021-ல்தான். அரசே ஃபீஸ் கட்டி, எத்தனையோ வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைகள். அவர்கள் கையில் இலவச லேப்டாப்பும் அப்போது இல்லை. நிதானமாகச் சொல்லித்தர வேண்டிய பேட்ச்சுக்குத்தான் இரண்டு பேப்பரை ஒன்றாக்கி ஓட்டினோம். எனக்கு ஆறவே இல்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. சி-யில் ஓர் இன்டிஜரில் ஹெக்ஸ் 1234 போட்டு, கேரக்டர் பாயிண்டர் வைத்து அதன் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரின்ட் செய்யுங்கள். சாதாரண லேப்டாப்பில் முதலில் 34 வரும். ஏன் என்று புரியும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அப்புறம் பத்து வரி புரோகிராம் ஒன்றை ஜிசிசியில் ஹைஃபன் போட்டுப் பெரிய எஸ் கொடுத்து கம்பைல் செய்தால் அசெம்பிளி தனி ஃபைலாக வந்து நிற்கும். அதில் ஒரு ஃபார் லூப் எங்கே ஆரம்பித்து எங்கே திரும்பிக் குதிக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். 8086-க்கு எமுலேட்டர் இருக்கிறது, ஆனால் உங்கள் துறையில் பழைய கிட்டுகள் பீரோவில்தான் இருக்கும், லேப் அசிஸ்டன்ட் அண்ணனிடம் போய்க் கேளுங்கள். எடுத்துத் தருவார். அடாப்டர் சூடாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 12எஃப்0 கணக்கை இரண்டு வரிசையிலும் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கேயாவது சிக்கினால் இங்கேயே எழுதுங்கள், பதில் போடுகிறேன்.