பிச்சிப்பூ பறிக்கக்கூட மனமில்லை, டாக்டர்!

கேள்வி: என் வயது 57. தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகன்கள் இருவரும் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் நானும் கணவரும் மட்டுமே. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் தைராய்டு குறைவுக்கு மாத்திரையும் எடுக்கிறேன். சாயங்காலம் முற்றத்துப் பிச்சிப்பூவைப் பறித்துக் கட்டுவதும், மழை நாளில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்துக் காந்தாரி மிளகாயோடு சாப்பிடுவதும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. பூ செடியிலேயே உதிர்கிறது. ‘சின்னச் சின்ன விஷயங்களில் சந்தோஷப்படப் பழகு’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். முயன்றும் முடியவில்லை. இது நோயா, என் மனதின் குறையா?

பதில்: உங்கள் மனதில் எந்தக் குறையும் இல்லை, அம்மா. சந்தோஷப்படு என்று ஒருவரிடம் சொல்வது, பசி செத்துப்போனவரிடம் பசித்துக்கொள் என்று சொல்வதைப் போன்றது. சொன்னவர்கள் அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்பவருக்கு, ‘இதுகூட என்னால் முடியவில்லையே’ என்ற குற்ற உணர்வுதான் மிஞ்சும். ரசிக்கத் தெரிந்தவர் நீங்கள். உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. அப்படிப்பட்டவருக்கு ரசனை நின்றுபோனால், மருத்துவர் அதை ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். அது குறைந்தால் கால் மரத்துப்போவது மட்டுமல்ல, மனச்சோர்வும் மறதியும்கூட வரலாம். தைராய்டு மாத்திரையின் அளவு போதாமல் போனாலும் இதே மந்தநிலைதான். அந்த மாத்திரையை எப்படி எடுக்கிறீர்கள்? காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீயோ காபியோ குடிக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி தேவை. டீயோடு சேர்த்தே மாத்திரையை விழுங்கும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனை, பி12, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றை ஒரே நாளில் பரிசோதித்துவிடுங்கள். இன்னொன்று: அடுப்பில் மீன்கறி கொதிக்கும் மணம் முன்போல் உங்களுக்கு எட்டுகிறதா? மோப்பம் மங்கினால் சாப்பாட்டின் சுகமும் போய்விடும். மணம் தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பாருங்கள்.

அடுத்தது மனச்சோர்வு நோய். பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நேரம், மனம் வாடியிருப்பதோ எதிலும் நாட்டமில்லாமல் இருப்பதோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அத்துடன் தூக்கம், பசி, கவனம் இவையும் கெட்டுப்போனால் அதைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கோ மாதக்கணக்கில் நீடிக்கிறது, அதனால் காத்திருக்காதீர்கள். அழுகை வந்தால்தான் மனச்சோர்வு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், வெறும் வெறுமையாகவும் அது வரும். மருந்து தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம். பொதுவாகத் தரப்படும் மனச்சோர்வு மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நீங்களாக நிறுத்த மட்டும் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்.

இனி, பிச்சிப்பூ. மனம் வந்த பிறகு பறிக்கலாம் என்று இருக்கிறீர்கள். இந்த நிலையில் மனம் முன்னே வராது. கை முன்னே போனால்தான் மனம் பின்னால் வரும். மனநல சிகிச்சையில் பலன் நிரூபிக்கப்பட்ட முறை இது. சாயங்காலம் ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி முழுவதும் வேண்டாம், பத்து மொட்டுகள் போதும். விரியாத மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். காம்பைக் கிள்ளும்போது விரல் நுனியில் ஒரு குளிர்ச்சி தட்டும். அதைக் கவனித்தால் போதும். சந்தோஷம் வந்ததா என்று உங்களை நீங்களே சோதிக்க வேண்டாம். கட்டி முடித்ததும், செய்வதற்கு முன் மனம் எப்படி இருந்தது, பின் எப்படி இருக்கிறது என இரண்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் காலண்டர் ஓரத்தில் குறித்துவையுங்கள். இரண்டு, மூன்று என்றே பல நாள் இருக்கும். ஒருநாள் நான்கு ஆகும். அந்த ஒரு மதிப்பெண் எனக்குப் பெரிய செய்தி. மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளையும் கொண்டுபோங்கள்.

காலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்கும் நாட்கள் அதிகம். மழை விட்ட நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். மரச்சீனி பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை இருப்பதால் அதை அறவே விட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், எப்போதாவது இரண்டு சிறு துண்டுகளை, அன்றைய சோற்றுக்குப் பதிலாக, மீனோடு சேர்த்துச் சாப்பிடலாம். பிடித்ததையெல்லாம் பறித்துக்கொண்டு நோயாளியை உற்சாகமாக இருக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

மகன்களிடம் ‘நல்லாயிருக்கேன்’ என்று சொல்லி மறைக்காதீர்கள். கணவரையும் இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு அவரும் கூட வரட்டும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே அவரிடம் சொல்லிவிட்டு, 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.