அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இப்போது கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா?

செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். போன மாதம் வேலை முடிந்து வரும்போது, ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஒரு பெரியவர் தலையில் அடிபட்டுக் கிடந்திருக்கிறார். சுற்றி ஒரு கூட்டமே நின்றிருக்கிறது. பாதிப் பேர் கையில் ஃபோன், ஆனால் யாரும் கிட்டப் போகவில்லை. இவர் 108-ஐ அழைத்திருக்கிறார். அது வருவதற்குள் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்த, இரண்டு பேருமாகத் தூக்கி அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பத்தாயிரம் கட்டினால்தான் உள்ளே என்றிருக்கிறார்கள். கையிலிருந்த நான்காயிரத்தைக் கட்டி, நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது ஒருவர் திரும்பத் திரும்ப ஃபோனில், "கேஸ் விஷயம்மா, நேர்ல வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க, செலவுக்குக் கொடுத்துடறோம்" என்கிறாராம். இடித்த வண்டியை இவர் பார்க்கவே இல்லை. வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள். போகத்தான் வேண்டுமா, போகாவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வருமா என்பது அவர் கேள்வி.

சகோதரி, போக வேண்டாம். போகாததற்காக உங்கள் மேல் யாரும் எந்த வழக்கும் போட முடியாது. முதலில் இதை வீட்டில் சொல்லிவிடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ் லைஃப் பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-ஆம் தேதி ஒரு தீர்ப்பு கொடுத்தது. விபத்தில் அடிபட்டவருக்கு உதவுபவரைப் போலீஸோ மருத்துவமனையோ தொந்தரவு செய்யக்கூடாது என்று மத்திய அரசு வகுத்திருந்த நெறிமுறைகளுக்கு அந்தத் தீர்ப்பு சட்டத்தின் பலத்தைக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு, எதையும் எதிர்பார்க்காமல் உதவியவர் மேல் சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. நீங்கள் தூக்கிய விதத்தில் ஏதாவது பிசகி, அதனால் அவருக்குக் காயம் கூடியிருந்தாலும், உயிரே போயிருந்தாலும் கூட உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. 2020 செப்டம்பரில் விதிகளும் வந்துவிட்டன. பெயர், முகவரி, ஃபோன் நம்பர் எதையும் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொல்ல முன்வந்தால்தான் விசாரணை. அதுவும் உங்களுக்கு வசதியான நேரத்தில், உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ நடக்க வேண்டும். வரும் அதிகாரி சாதாரண உடையில் வர வேண்டும், ஒரே தடவையில் கேட்டு முடித்துவிட வேண்டும்.

விபத்தை நேரில் கண்ணால் பார்த்தவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. நீங்கள் பார்க்கவில்லை என்பதால் அதற்குள் போகவில்லை.

சரி, உங்களுக்கு ஃபோன் செய்பவர் யார்? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் போலீஸ்காரராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. போலீஸ் அதிகாரி 'செலவுக்குக் கொடுத்துடறோம்' என்று பேச மாட்டார். இது விபத்து வழக்குகளைப் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் பேசுகிற பேச்சு. நான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துபவன் என்பதால் இவர்களை நன்றாகவே தெரியும். அவசரப் பிரிவு வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆம்புலன்ஸ் வந்ததும் ஸ்ட்ரெச்சர் கூடவே உள்ளே நுழைவார்கள். அழுதுகொண்டிருக்கும் மகனிடமோ மனைவியிடமோ வெற்று வக்காலத்தில், அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில், கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 'கைச்செலவுக்கு வெச்சுக்கங்க' என்று முதலில் ஐயாயிரம் கொடுப்பார்கள். பின்னால் வரும் இழப்பீட்டில் பெரும்பங்கு அவர்களோடு போய்விடும். ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது வழக்கறிஞர்களுக்குப் பார் கவுன்சில் தடை செய்த காரியம். தடை இருந்தும் இது பட்டப்பகலில் நடக்கிறது. தடுக்க வேண்டியவர்கள் அதே வாசல் வழியாகத்தான் தினமும் போய் வருகிறார்கள்.

அவருக்கு உங்களிடம் என்ன வேண்டும்? ஒரு சாட்சி. இழப்பீட்டு வழக்கில் பாதிக்கப்பட்டவர் பி.டபிள்யூ. 1, அதாவது மனுதாரர் தரப்பின் முதல் சாட்சி. அவருக்கு நினைவு இல்லையென்றாலோ, அவர் இறந்துபோய்க் குடும்பத்தார் வழக்குப் போட்டாலோ, இன்ன நம்பர் வண்டி இப்படி வந்து இடித்தது என்று சொல்ல ஒரு பி.டபிள்யூ. 2 தேவை. மருத்துவமனை ஏ.ஆர். நகலில், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலில், 'அழைத்து வந்தவர்' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு நல்ல மதிப்பு உண்டு. அதனால்தான் உங்களைத் தேடுகிறார்கள். போய் உட்கார்ந்தால், டைப் அடித்துத் தயாராக வைத்திருக்கும் பிரமாண வாக்குமூலத்தை நீட்டுவார்கள். அதில் நீங்கள் பார்க்காத வண்டியைப் பார்த்ததாக எழுதியிருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு கூண்டில் ஏறி, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். 'வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது? நீங்கள் ரோட்டின் எந்த ஓரத்தில் நின்றீர்கள்? அப்போது தெருவிளக்கு எரிந்ததா?' இப்படி நாலு கேள்வியில் குட்டு உடைந்துவிடும். நீதிமன்றத்தில் தெரிந்தே பொய்ச்சாட்சி சொன்னால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உதவி செய்ததற்காக நீங்கள் எந்த வழக்கிலும் மாட்ட மாட்டீர்கள். இந்தக் கையெழுத்தைப் போட்டால் மாட்டுவீர்கள்.

அடுத்த தடவை அவர் அழைக்கும்போது, "நான் விபத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தது மட்டும்தான் நான். எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மூன்று வரி சொல்லி வைத்துவிடுங்கள். உண்மையிலேயே நீதிமன்றம் உங்களை அழைத்தால் அது வழக்கு எண்ணோடும் நீதிமன்ற முத்திரையோடும் சம்மனாக வரும். அதை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அப்போதும் நீங்கள் கண்டதைச் சொன்னால் போதும். வீடியோ மூலமோ, நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் மூலமோ விசாரிக்கச் சொல்லிக் கேட்கவும் வழி இருக்கிறது.

அப்புறம் அந்த மருத்துவமனை ஃபாரம். பெரும்பாலும் அது 'உடனிருப்பவர் உறுதிமொழி' ஆக இருக்கும். மேலே நோயாளி பெயர், அதன் கீழே 'உறவுமுறை' என்று ஒரு கட்டம், கடைசியில் பொடி எழுத்தில் 'சிகிச்சைக் கட்டணம் முழுவதையும் செலுத்தப் பொறுப்பேற்கிறேன்' என்று ஒரு வரி. பதற்றத்தில் அதை யாரும் படிப்பதில்லை. உறவினர் அல்லாத ஒருவரிடம் அட்மிஷனுக்குப் பணம் கேட்கக் கூடாது, அவரைப் பிடித்து வைக்கவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நெறிமுறையிலேயே இருக்கிறது. அதனால் அந்த வரியைக் காட்டி உங்களிடம் மீதிப் பணம் கேட்டால் பயப்பட வேண்டாம். இனிமேல் எங்காவது கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், 'உறவுமுறை' கட்டத்தில் 'உறவினர் அல்ல, சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைக் கொண்டுவந்து சேர்த்தவர்' என்று உங்கள் கையால் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்துவிட்டுப் போடுங்கள். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டால் போடவே வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் டாக்டர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். போலீஸ் வரட்டும், பணம் கட்டட்டும் என்று அடிபட்டவரைக் காக்க வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நேற்று இன்று சொல்லவில்லை, 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் கதையும் உங்கள் கதை மாதிரிதான். கார் இடித்து விழுந்த ஸ்கூட்டர்காரரை, அந்த வழியாகப் போன ஒருவர் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். போலீஸ் கேஸை நாங்கள் பார்ப்பதில்லை என்று, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர் வழியிலேயே இறந்துபோனார். அந்தத் தீர்ப்பு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும், உங்களிடம் பத்தாயிரம் கேட்டிருக்கிறார்கள்! உதவுபவரின் உரிமைகளைத் தமிழிலும் எழுதி மருத்துவமனை வாசலில் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் அந்தப் பலகை இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலான இடங்களில் இருக்காது, இருந்தாலும் மருந்துக்கடை விளம்பரத்துக்குப் பின்னால் இருக்கும். அதைப் போய்ப் பார்த்து எழுதி வைக்க ஒரு அதிகாரிக்கும் நேரமில்லை.

பணம் கேட்க அவர்களுக்கு அவசியமும் இல்லை. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இருக்க வேண்டும் என்றில்லை, அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்றும் பார்ப்பதில்லை. இனி அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் "இன்னுயிர் காப்போம் கவுன்டர் எது?" என்றே கேளுங்கள். விவரம் தெரிந்தவர் என்று புரிந்தால் பேச்சு மாறும். ஆம்புலன்ஸிலும் இதே கவனம் வேண்டும். 108 வருவதற்குள் எங்கிருந்தோ ஒரு தனியார் வண்டி வந்து நின்று, 'நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்' என்று சொன்னால், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள். கமிஷனுக்காக, பக்கத்திலிருப்பதைத் தாண்டிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். இந்தப் பாதுகாப்பு உதவுபவருக்குத்தான், விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியை ஓட்டியவருக்கு அல்ல. உங்கள் வண்டி இடித்து, நீங்களே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 134ஏ உங்களைக் காப்பாற்றாது. நின்று உதவுவது உங்கள் கடமை என்று அதற்கு முந்தைய 134-ஆம் பிரிவே சொல்கிறது. பக்கத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் நிலையத்தில் தகவலும் கொடுக்க வேண்டும். 'இடித்தது யாரோ, நான் சும்மா உதவ வந்தேன்' என்று ஏ.ஆரில் எழுத வைத்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, கேமரா பதிவு வெளிவரும் நாளில் இரட்டைச் சிக்கல். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உண்மையிலேயே உதவியவரைப் பார்த்து, பதறி ஓடிவந்த உறவினர்கள் 'இவர்தான் இடித்திருப்பார்' என்று சட்டையைப் பிடிப்பார்கள். பைக்கில் வந்து நிறுத்தியவர்களுக்கு இந்தச் சங்கடம் அதிகம். அதனால் 108-ஐயோ 112-ஐயோ உங்கள் ஃபோனிலிருந்தே அழையுங்கள். அழைக்கும்போதே 'என் வண்டி இல்லை, வழியில் பார்த்தேன்' என்று சொல்லிவிடுங்கள். அழைத்த நேரம் ஃபோனில் பதிவாகி நிற்கும். ஏ.ஆர். எழுதும் டாக்டரிடமும் அதையே சொல்லுங்கள். சம்பந்தமில்லாத உங்கள் வண்டியைப் போலீஸ் நிறுத்தி வைக்கக் காரணமே கிடையாது.

கூட்டம் நின்றதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். நின்றவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. போலீஸ், கேஸ் என்ற பயமும், வேறு யாராவது செய்வார்கள் என்ற எண்ணமும்தான் அவர்களைக் கட்டிப்போடுகின்றன. 'யாராவது வாங்க' என்று பொதுவாகக் கத்தினால் ஒருவரும் அசைய மாட்டார்கள். "நீலச் சட்டை அண்ணா, நீங்க வண்டிகளை நிறுத்துங்க. தம்பி, நீ வீடியோ எடுக்கிறத விட்டுட்டு 108-க்கு லொகேஷன் சொல்லு" என்று ஆளைக் காட்டிச் சொன்னால் செய்வார்கள். ஆட்டோக்காரர் நிறுத்தியதும் நீங்கள் ஏற்கெனவே குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

விபத்தில் சிக்கியவரைப் பொன்னான நேரத்துக்குள், அதாவது அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள், சேர்த்து உயிரைக் காப்பாற்றியவருக்கு மத்திய அரசு இப்போது 25,000 ரூபாய் வெகுமதி தருகிறது. முன்பு 5,000 ஆக இருந்தது. பலத்த காயமான விபத்துகளுக்குத்தான் அது. காவல் நிலையமோ மருத்துவமனையோ தகவல் அனுப்பி, மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையிலான குழு முடிவு செய்யும். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் யாரும் தேவையில்லை. 'விருது வாங்கித் தருகிறேன், ஆதாரும் ஓடிபியும் சொல்லுங்கள்' என்று உங்களுக்கு இன்னொரு ஃபோன் வரலாம். நம்பர் ஒருவரிடம் போனால் அடுத்தவரிடமும் போகும்.

கட்டிய நான்காயிரத்தைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் அடிபட்டவரின் உறவினர் அல்ல என்பதையும், உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறைப்படி உங்களிடம் பணம் வாங்கியிருக்கக் கூடாது என்பதையும் சொல்லி, ரசீது நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் நகலை மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்வதும் கண்காணிப்பதும் இணை இயக்குநர் அலுவலகம்தான். கடிதத்தில் அந்த ஆட்டோக்காரரையும் குறிப்பிடுங்கள். அவரிடமும் ஏதாவது ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். புரோக்கர் அவருக்கும் ஃபோன் செய்துகொண்டிருக்கலாம், இதையெல்லாம் அவருக்கும் சொல்லி வையுங்கள்.