சாமி எடுபடாதா?

கேள்வி: என் மகன் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மேஜிக்கையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறானாம். 'சாமி' என்று முடியும் எங்கள் குடும்பப் பெயர் மேடைக்கு எடுபடாது, ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்கிறேன் என்கிறான். இதில் பிழைக்க முடியுமா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பிழைப்பு இருக்கட்டும் அம்மா, அந்தச் 'சாமி'க்கு முதலில் வருகிறேன். எடுபடாது என்று அவனுக்கு யார் சொன்னது? 1810-களில் லண்டனுக்குப் போய், வாளை விழுங்கியும் செப்படி வித்தை காட்டியும் அந்த ஊரை வாய்பிளக்க வைத்தவர் பெயர் ராமோ சாமி. நம் ராமசாமிதான், வெள்ளைக்காரன் நாக்கில் அப்படி ஆகிவிட்டது. பாசிமணிகளையும் குதிரை மயிரையும் வாயில் போட்டுக்கொண்டு, உள்ளேயே கோத்து மாலையாக வெளியே இழுப்பாராம்.

இங்கே அதே பெயர் பட்ட பாடு வேறு. 1860-இல் மதராஸிலிருந்து நம்மவரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்த நாள் முதல், குமாஸ்தா காதில் விழுந்தபடிதான் நம் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. முனுசாமி மூன்சாமி ஆனார். தாத்தாவின் சொந்தப் பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. அப்புறம் இந்தியர் எவரைக் கண்டாலும் 'சாமி' என்று இளக்காரமாகக் கூப்பிடும் பழக்கம். காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: 'சாமி என்றால் எஜமான், நான் உங்கள் எஜமான் இல்லையே' என்று நம்மவர் சிலர் திருப்பிச் சொல்வார்களாம். கேட்ட வெள்ளைக்காரர்களில் சிலர் கூசிப்போவார்கள், சிலர் அடிக்கவே வந்துவிடுவார்கள். அடி வாங்கிக் காத்த பெயரம்மா அது. அதைக் கழற்றி வைக்கலாமா? இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

சரி, பிழைப்பு. ராமசாமி 1850-இல் வறுமையில்தான் இறந்தார், அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பிறந்தநாள் விருந்து, பள்ளிக்கூடம், கம்பெனிகளின் டிசம்பர் விருந்து என்று வருமானம் விட்டுவிட்டுத்தான் வரும். தேதி கொடுக்கும்போதே பாதிப் பணத்தை வாங்கிவிடச் சொல்லுங்கள். பந்தி நடக்கும்போது மேடை ஏறவே கூடாது. ஒரு கல்யாணத்தில் பார்த்தேன்: பையன் கயிற்றை வெட்டி ஒட்டிக் காட்டுகிறான், முன்வரிசை முழுக்கப் பிரியாணி வரும் வாசலையே பார்க்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. கேப் டவுனில் 1980 முதல் மேஜிக்குக்கென்றே ஒரு கல்லூரி நடக்கிறது. இனவெறி ஆட்சியின்போதே எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த இடம். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

விளம்பரத் தட்டியில் பெயரைத் தமிழிலும் போடச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.