2147483647 பற்றிக் கேளுங்கள்

கே: எத்தனையோ எண்கள் இருக்க, இதில் மட்டும் என்ன விசேஷம்?

ப: 31 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் 1-ஐக் கழியுங்கள். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 கிடைக்கும். இது ஒரு பகா எண். இப்படி 2-இன் அடுக்குக்கு ஒன்று குறைவாக வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். அந்த வரிசையில் இது எட்டாவது.

கே: கணினி இல்லாத காலத்தில் இதைப் பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள்? ஒவ்வொன்றாக வகுத்தா?

ப: வகுத்துத்தான், ஆனால் யோசித்து வகுத்தார்கள். செய்தவர் கணித மேதை லியோனார்டு ஆய்லர், ஆண்டு 1772. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. இதன் வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றுக் குறைவு. அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்; ஆனால் அவையே 4,800-ஐ நெருங்கும். அத்தனையாலும் வகுக்கத் தேவையில்லை என்பதுதான் ஆய்லரின் சாமர்த்தியம். ஒரு பகா எண் இதை வகுக்க வேண்டுமானால், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 62-ஆல் வகுபட வேண்டும். அதோடு, அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வருபவை மட்டுமே மிஞ்சும். அப்படிப்பட்டவை 370 சொச்சம். அவற்றிலும் 249, 497 போன்ற பகு எண்களைத் தள்ளிவிடலாம். முதலில் சோதிக்க வேண்டிய பகா எண் 311. அதில் தொடங்கி ஒன்றுகூட வகுக்கவில்லை.

கே: இதனால் யாருக்கு என்ன பயன்?

ப: 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோவும் இப்படித்தான் நினைத்தார். இந்த எண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 வரும். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் நிறைவு எண் அது (6 = 1+2+3 போல). இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனற்ற வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்று எழுதினார் பார்லோ. 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எடுவார்டு லூக்கா 39 இலக்க மெர்சென் பகா எண்ணையே நிறுவிவிட்டார்! பயன் என்றால், கணினியில் தற்போக்கு எண்களை (குலுக்கலில் வருவது போன்றவை) உருவாக்கும் ஒரு பிரபல முறையில், முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். அங்கே இது பகா எண்ணாக இருப்பதுதான் கைகொடுக்கிறது.

கே: என் நிரலில் இதைத் தாண்டியதும் மைனஸ் வருகிறதே?

ப: கணினி பெரும்பாலும் ஒரு முழு எண்ணை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 நிற்கும் 32 இடங்களில் வைக்கும். அதில் ஒன்று பிளஸ், மைனஸ் குறிக்குப் போய்விட்டால் மீதி 31-இல் அடங்கும் பெரிய எண் இதுதான். இதைத் தாண்டினால் குறிக்கான பிட்டும் மாறி மைனஸ் ஆகிவிடும். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு மேல் எண்ண முடியாமல் திணறும்.

கே: 3, 7, 31, 127 எல்லாமே மெர்சென் பகா எண்கள். இவற்றை 2-க்கு அடுக்காக வைத்து 1-ஐக் கழித்தாலும் பகா எண்ணே வருகிறது. 2147483647-ஐ அடுக்காக வைத்தால்?

ப: வராது. அடுத்த மெர்சென் பகா எண்ணான 8191-இலேயே இந்த வரிசை உடைந்துவிடுகிறது. நீங்கள் கேட்கும் எண்ணுக்குச் சுமார் 64.6 கோடி இலக்கங்கள். ஆனாலும் 295257526626031 அதை மீதியின்றி வகுத்துவிடும். இந்த வகுத்தியில் 1-ஐக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 137490 வரும். ஆய்லர் பயன்படுத்திய அதே வடிகட்டிதான்.